எரு இடும் முன் மண்ணின் பி.எச். அளவை அறிவது எப்படி?

இயற்கை உரங்களை மட்டுமே கொண்டு செடி வளர்க்க முன்வருபவர்கள், எந்த எருவை எவ்வளவு இட வேண்டும் என்ற கேள்வியைத்தான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, அந்த எருவிலுள்ள சத்தைச் செடியின் வேர் எடுத்துக்கொள்ளும் நிலையில் மண் இருக்கிறதா என்பதாகும். இதற்கான விடையின் பெரும்பகுதி மண்ணின் கார அமில நிலையில், அதாவது பி.எச். என்று நாம் சொல்லும் அந்த ஒற்றை எண்ணில், அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் தோட்டம் போடுபவர்கள் இதை அறிந்துகொள்வது மிகவும் அவசியம். நம் சமவெளி மண்ணில் பெரும்பகுதி நடுநிலையிலோ காரத்தன்மையின் பக்கமோ இருக்கிறது; ஆனால் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், கொஞ்சம் சுண்ணாம்பு கலந்துவிடுங்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் குறிப்புகள், மழை மிகுந்து மண் அமிலமாகிவிட்ட இடங்களுக்கே பொருந்துபவை. அளந்து பார்க்காமல் அவற்றைப் பின்பற்றினால், ஏற்கெனவே காரமாக இருக்கும் மண்ணை இன்னும் காரமாக்குகிறோம்.

இந்த அளவுமுறையை டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சென் என்ற வேதியியலாளர் 1909-இல் உருவாக்கினார். வழக்கமாக 0 முதல் 14 வரை செல்லும் இந்த அளவில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண்ணும் அடுத்த எண்ணிலிருந்து பத்து மடங்கு விலகியது என்பதைப் புதியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 7.5 என்ற மண்ணுக்கும் 8.5 என்ற மண்ணுக்கும் இடையே ஓர் எண் வேறுபாடுதான் தெரிகிறது என்றாலும், வேருக்கு அது பத்து மடங்கு வேறுபாடு.

பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்கு 6 முதல் 7.5 வரை உள்ள மண் ஏற்றது. அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போது மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன, 7.5-க்கு மேலே ஏறும்போது அதே மணிச்சத்தைச் சுண்ணாம்புச் சத்து பிடித்துக்கொள்கிறது. கார மண்ணில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவையும் கரையாத வடிவத்துக்கு மாறிவிடுவதால், மண்ணில் அவை இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. குண்டுமல்லி, கறிவேப்பிலை, நிலக்கடலை ஆகியவற்றில் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இரும்புச் சத்துக் குறைபாட்டின் அடையாளம். தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைபாட்டில் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலைகள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், மஞ்சளைக் கண்டதும் மேலும் ஒரு கூடை எருவைக் கொட்டுவதால் பயன் விளைவதில்லை.

மணிச்சத்துக்காக இடப்படும் எலும்புத்தூளும், ராக் பாஸ்பேட் என்ற பாறைத் தூளும் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டுகள். இரண்டும் அமில மண்ணில்தான் கரைந்து மணிச்சத்தைத் தரும். 8-ஐத் தாண்டிய கரிசல் மண்ணில் அவற்றைப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். காசு கொடுத்து வாங்கும் முன் மண்ணை அளந்து பார்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மண் மாதிரி எடுத்தல்

அளவீடு தவறாகப் போவது பெரும்பாலும் கருவியால் அன்று, மாதிரியால். ஒரே தோட்டத்தில் பத்து அடி தள்ளினால் மண் மாறக்கூடும் என்பதால், ஓரிடத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வந்து அளப்பது அந்தக் கைப்பிடியை மட்டுமே சொல்லும். நிறத்தாலோ, மேடு பள்ளத்தாலோ, முன்பு இருந்த பயிராலோ வேறுபடும் பகுதிகளை முதலில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி மாதிரி வேண்டும். வயலாக இருந்தால் ஒரு பகுதியில் 10 முதல் 20 இடங்களிலும், வீட்டுத் தோட்டப் பாத்தியாக இருந்தால் ஐந்தாறு இடங்களிலும் எடுத்தால் போதும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், கிணற்றடி, வாய்க்கால் ஓரம், சாம்பல் கொட்டிய மூலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மேற்பரப்பில் கிடக்கும் சருகையும் குப்பையையும் கையால் ஒதுக்குங்கள். மேல் மண்ணைச் சுரண்டிவிடக் கூடாது. மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் ஒரு குழி வெட்டி, அந்த மண்ணை அகற்றிய பின், குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான தடிமனில் ஒரு வில்லையைச் செதுக்கி எடுக்க வேண்டும். நெல், பயறு, கீரை போன்றவற்றுக்கு 15 செ.மீ. ஆழமும், காய்கறி, வாழை, கரும்பு, பருத்தி போன்றவற்றுக்குச் சுமார் 22 செ.மீ. ஆழமும் வழக்கம். தென்னை, மா போன்ற மரப்பயிர்களுக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே எடுக்க வேண்டும். ஏனென்றால் மேல் மண் நன்றாக இருந்து அடியில் சுண்ணாம்புப் படிவம் கிடக்கும் நிலங்கள் நம்மிடம் உண்டு. தொட்டிச் செடிகளுக்கு மேலே இரண்டு விரற்கடை மண்ணை ஒதுக்கிவிட்டு, வேர்கள் இருக்கும் நடுப்பகுதியிலிருந்து நான்கைந்து தொட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்க்கலாம். தொட்டியின் மேல் மண்ணில் தண்ணீரின் உப்பு படிந்திருக்கும் என்பதால் அது அளவைக் கெடுத்துவிடும்.

சேர்த்த மண்ணைச் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் நன்றாகக் கலந்து, ஒரு தாளின் மீது வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை நீக்குங்கள். மீதியை மறுபடியும் கலந்து இதே போல் செய்துகொண்டு வந்தால் அரைக் கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். இதுதான் கால் பங்கீட்டு முறை. அதை நிழலில் உலர்த்தி, கட்டிகளை மரக்கட்டையால் தட்டி உடைத்து, 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். வெயிலிலோ அடுப்பிலோ வைத்துக் காய்ச்சக் கூடாது. உரம் இருந்த சாக்குப்பையில் மண்ணைப் போடுவதும் கூடாது.

எரு இட்ட உடனே மாதிரி எடுப்பதில் பொருளில்லை. இட்ட பின் குறைந்தது மூன்று மாதங்கள் கழிய வேண்டும். வயல் காலியாகக் கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு மிகவும் தோதானவை. அப்போது எடுத்தால், முடிவைப் பார்த்து முடிவெடுக்கவும், வேண்டியதைத் திரட்டவும் ஆடிப்பட்டத்துக்கு முன் போதிய காலம் கிடைக்கும்.

வீட்டிலேயே அளத்தல்

தேவையானவை சிலவே: சமையலறைத் தராசு, மி.லி. குறியிட்ட குவளை, சுத்தமான கண்ணாடித் தம்ளர், காய்ச்சி வடித்த நீர், பி.எச். தாள் அல்லது பேனா வடிவ மீட்டர். காய்ச்சி வடித்த நீர், வண்டி பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் 'டிஸ்டில்டு வாட்டர்' என்ற பெயரில் கிடைக்கிறது. பேட்டரி அமிலம் வேறு என்பதால் பெயரைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். குழாய் நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ பயன்படுத்தினால், அந்த நீரில் கரைந்துள்ள உப்புகளின் தன்மையும் அளவோடு கலந்துவிடும்.

சலித்த மண்ணில் 20 கிராம் எடுத்துத் தம்ளரில் போட்டு 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் என்ற இந்த விகிதமே நம் நாட்டு மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கத்தில் உள்ளது; அதையே நீங்களும் கடைப்பிடித்தால், பிற்பாடு ஆய்வக முடிவோடு ஒப்பிட முடியும். அவ்வப்போது கண்ணாடிக் குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ கலக்கி, அரை மணி நேரம் விட்டுவையுங்கள்.

தாளில் பார்ப்பதாக இருந்தால், மண் அடியில் படிந்து மேலே தெளிந்த நீரில் மட்டும் தாளை நனைக்க வேண்டும். சேறு ஒட்டினால் தாளின் நிறத்தை மண்ணின் நிறம் மறைத்துவிடும். 1 முதல் 14 வரை ஒரே தாளில் காட்டும் வகை, முழு எண்ணுக்குத்தான் உதவும். சமவெளி மண்ணுக்கு 6-க்கும் 9-க்கும் இடைப்பட்ட குறுகிய வரம்பைப் பிரித்துக் காட்டும் தாள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுவது நல்லது.

மீட்டரில் பார்ப்பதாக இருந்தால், அளப்பதற்கு முன் அதைச் சரிபார்ப்பது கட்டாயம். இதைத் தவிர்ப்பவர்களின் எண்ணை நம்பவே முடியாது. சரிபார்க்கும் பொடிகள் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கின்றன. அதில் எழுதியுள்ள அளவு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மீட்டரின் முனையை அதில் வைத்து, அந்த எண்ணைக் காட்டும்படி அமைக்க வேண்டும். பல பெட்டிகளில் 4.01, 6.86 ஆகிய இரண்டு பொட்டலங்கள் மட்டுமே வருகின்றன. நம் சமவெளி மண் பெரும்பாலும் 7-க்கும் 9-க்கும் இடையே இருப்பதால், 9.18 பொட்டலத்தைத் தனியாக வாங்கி, 6.86, 9.18 ஆகிய இரண்டிலும் சரிபார்ப்பதே முறை. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ உள்ளவர்களுக்கு 4.01, 6.86 போதும். அளக்கும் முன் கலவையை மீண்டும் ஒருமுறை கலக்கி, முனையை நனைத்து, எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் முனையைக் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒரே மாதிரியிலிருந்து மூன்று தம்ளர்கள் தயாரித்து மூன்றையும் அளந்து, அவை 0.2-க்குள் ஒத்துவந்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் மண் சரியாகக் கலக்கவில்லை அல்லது மீட்டர் பழுது.

பேட்டரியே இல்லாமல் இரண்டு அல்லது மூன்று உலோகக் கம்பிகளோடு வரும், நேராக மண்ணில் குத்தும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. கம்பிகளுக்கு இடையே உண்டாகும் சிறு மின்னோட்டத்தையே அவை காட்டுகின்றன. அந்த மின்னோட்டம் மண்ணின் ஈரத்தாலும் உப்பாலும் மாறிக்கொண்டே இருக்கும்.

வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு எண்ணைக் காண முடியாது என்றாலும், இரண்டு சோதனைகள் உண்மையிலேயே பயன்படும். மஞ்சள் தூளைக் கரைத்த நீர், காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பவர்களுக்கு இது தெரிந்ததே. மண் கலந்து தெளிந்த நீரில் சிறிது மஞ்சள் கரைசலைச் சேர்க்கும்போது அது செம்மை கொண்டால், மண் நன்றாகவே காரமானது என்று கொள்ளலாம். நிறம் மாறாவிட்டால் மண் நல்ல நிலையில் உள்ளது என்று பொருள் கொள்ள வேண்டாம். மற்றொன்று வினிகர். உலர்ந்த மண்ணின் மீது சில சொட்டுகள் விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா என்று பாருங்கள். பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகக் கலந்திருக்கிறது. செம்மண் என்றாலே அமிலம் என்று பலர் எண்ணுகிறார்கள். கோவைப் பகுதியிலேயே சுண்ணாம்பு கலந்த செம்மண் நிலங்கள் உள்ளன. இந்தச் சோதனையின் முடிவு, பின்னால் மண்ணைத் திருத்தும் கட்டத்தில் மிகவும் முக்கியமாகும்.

எருவையும் தண்ணீரையும் அளத்தல்

மண்ணை மட்டும் அளந்துவிட்டு நிற்பது பாதி வேலை. மண்ணின் நிலையை மாற்றுபவை அதில் நாம் சேர்க்கும் எருவும் ஊற்றும் தண்ணீரும்தான்.

எரு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஒரு பங்கு எருவுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, மண்ணைப் போலவே அரை மணி நேரம் வைத்து அளக்க வேண்டும். நன்றாக மக்கிய தொழு உரமும் மண்புழு உரமும் பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே இருக்கும். நகரக் கழிவு உரத்துக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்துள்ள வரம்பும் 6.5 முதல் 7.5 வரைதான். எரு 8-ஐத் தாண்டி, அமோனியா நெடியும் வீசினால் அது இன்னும் மக்கவில்லை. சில வாரங்கள் கிளறி ஈரம் காத்து வைத்திருந்து மீண்டும் பாருங்கள். முட்டைக் கோழிப் பண்ணைகளின் எரு தனிக் கவனத்துக்குரியது. நாமக்கல் வட்டாரத்திலிருந்து பல ஊர்களுக்கும் செல்லும் இந்த எருவில், முட்டை ஓட்டுக்காகக் கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் எச்சம் நிறைய உண்டு; தொடர்ந்து இட்டுவந்தால் மண்ணைக் காரத்தின் பக்கம் தள்ளும். மரச் சாம்பல் அதனினும் கடுமையான காரம், 10-ஐத் தாண்டும். வேப்பம் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் மக்கித் தழைச்சத்தை வெளிவிடும்போது மண்ணைச் சற்றே அமிலத்தின் பக்கம் நகர்த்தும். தென்னை நார்க்கழிவு இயல்பில் இலேசான அமிலம் என்றாலும் உப்பு மிகுந்திருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசாமல் தொட்டியில் சேர்க்கக் கூடாது. பஞ்சகவ்யம் புளித்த கரைசல் என்பதால் அளந்தால் அமிலமாகவே காட்டும். ஆனால் 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் என்று கலந்து தெளிக்கும் அளவில், அதனால் மண்ணின் பி.எச். நிலையாக மாறிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மாடித் தோட்டங்களில் எருவைவிடத் தண்ணீரே பெரும்பாலும் காரணம். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், நாள்தோறும் ஊற்ற ஊற்றத் தொட்டி மண் மெல்ல மெல்லக் காரமாகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதும், தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டுவதும் கண்ணால் காணக்கூடிய அடையாளங்கள். நீரைப் பிடித்தவுடன் ஒரு முறையும், அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து மறுநாள் ஒரு முறையும் அளந்து பாருங்கள். கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிய பிறகு எண் தெளிவாக உயர்ந்திருந்தால் பைகார்பனேட் மிகுந்த நீர் என்று கொள்ளலாம். இத்தகைய வீடுகளில் மழைநீரைத் தேக்கி வைத்துச் செடிகளுக்கு ஊற்றுவதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

எண்ணைப் பார்த்துச் செய்ய வேண்டியவை

அளவு 6-க்கும் 7.5-க்கும் இடையே இருந்தால் எதையும் திருத்த வேண்டியதில்லை. நன்கு மக்கிய எருவை இட்டுவாருங்கள். மண்ணில் மக்கு கூடக் கூட, பி.எச். எளிதில் ஏறி இறங்காதபடி தாங்கிக்கொள்ளும் திறனும் கூடும்.

7.5 முதல் 8.5 வரை உள்ள மண்ணே சமவெளியில் மிகுதி. சில ஆய்வு முடிவுகளில் 8.5 வரை 'இயல்பு நிலை' என்றே குறித்திருப்பார்கள். பருத்திக்கும் முருங்கைக்கும் அது பெரும் தடையில்லை என்றாலும், மல்லிகைக்கு 8.3 சுகமான நிலை அன்று. இங்கே முதல் வேலை நிறுத்துவதுதான்: சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஊற்றினால் மண்ணிலுள்ள சுண்ணாம்பு அதைச் சில நாள்களில் செயலிழக்கச் செய்துவிடும். கந்தகத்தூளை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெதுவாக அமிலமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் வினிகர் சோதனையில் பொங்கிய மண்ணில் அந்த அமிலம் முழுவதையும் சுண்ணாம்பே தின்றுவிடும் என்பதால், அங்கே கந்தகத்துக்குச் செலவிடுவது வீண். அப்படிப்பட்ட நிலத்தில் ஆண்டுதோறும் தொழு உரமும் பசுந்தாள் உரமும் இட்டு, வேரைச் சுற்றியுள்ள பகுதியையாவது செழிப்பாக்கி, அந்த மண்ணைத் தாங்கும் பயிரைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரத்தை மக்கிய எருவோடு கலந்து இடுவது மணிச்சத்தை விடுவிக்க உதவும். தொட்டியாக இருந்தால் வேலை எளிது; அலசிய நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த புதுக் கலவைக்கு மாற்றிவிடலாம்.

8.5-ஐத் தாண்டினால் அது சோடியம் மிகுந்த களர் நிலமாக இருக்கக்கூடும். எருவால் மட்டும் அதைத் திருத்த முடியாது. சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் இட்டு, உழுது, நல்ல நீரைத் தேக்கி, சில நாள்களில் வடித்துவிட வேண்டும்; அதன்பின் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் இடுவதால் பயனில்லை. எவ்வளவு ஜிப்சம் என்பதை ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் 'ஜிப்சம் தேவை' கொண்டே முடிவு செய்ய வேண்டும். கடலோர உவர் நிலங்களின் சிக்கல் வேறு. அங்கே பி.எச். 8.5-க்குக் கீழேயே இருந்தும், உப்பு மிகுதியால் பயிர் வாடும், பி.எச். தாள் அதைக் காட்டாது.

நீலகிரி போன்ற மலைப்பகுதிகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் சரளை மண்ணிலும் நிலைமை நேர்மாறு. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை உகந்தது என்பதால் அங்கே கை வைக்க வேண்டாம். அதே மண்ணில் கேரட், முட்டைக்கோசு, பீன்ஸ் பயிரிடுபவர்கள் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளோ விவசாயச் சுண்ணாம்போ இட வேண்டியிருக்கும். முட்டை ஓடும் எலும்புத்தூளும் ராக் பாஸ்பேட்டும் தம் வேலையைச் செய்வது இங்கேதான். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் இட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும் என்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

ஆய்வகமும் மறு அளவீடும்

வீட்டு அளவு 6-க்குக் கீழேயோ 8.5-க்கு மேலேயோ காட்டினால், எதையும் இடும் முன் அரசின் மண் பரிசோதனை நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மாதிரியை அனுப்புங்கள். 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச். உட்பட 12 குணங்கள் அளக்கப்படுகின்றன. அவற்றில் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன், மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் ஆகிய இரண்டையும் பி.எச். அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். நம் நிலையங்களில் ஒன்றுக்கு இரண்டரை விகிதத்தில் அளக்கப்படும் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. உவர் நிலத்துக்குப் பாடநூல்கள் சொல்லும் 4 என்ற எல்லை வேறு முறையில் பிழிந்தெடுத்த நீருக்குரியது. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

மறு அளவீட்டை வயலில் ஆண்டுக்கு ஒரு முறையும், தொட்டிகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் செய்யுங்கள். பருவத்தோடு பி.எச். சற்றே மாறும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே ஆழத்தில், அதே விகிதத்தில் அளக்க வேண்டும். நோட்டில் நாள், பாத்தியின் பெயர், மண்ணின் எண், எருவின் எண், நீரின் எண், அந்தப் பருவத்தில் இட்ட பொருள்கள் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு ஆண்டு வரிகளுக்கு இடையே 0.2 மட்டுமே மாறியிருந்தால் அதைக் கருவியின் தடுமாற்றம் என்று விட்டுவிடலாம், 0.5-க்கு மேல் நகர்ந்திருந்தால், அதே வரியிலுள்ள எருவையும் நீரையும் ஆராயத் தொடங்குங்கள்.